வந்தவர்களுக்குக் காபி யார் போடுவது?

கீமோ ஏற்றிய மூன்றாம் நாளும் நான்காம் நாளும் உடம்பை அடித்துப்போட்டது போலிருக்கும். வாய் கசக்கும்; எழுந்து நாலடி நடப்பதே மலைப்பாக இருக்கும். பெரும்பாலும் அந்த நாட்களில் வரும் ஞாயிற்றுக்கிழமைதான் சொந்தபந்தங்கள் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு பார்க்க வருவார்கள். அப்படி ஒரு ஞாயிறு, மார்பக அறுவைச் சிகிச்சை முடிந்து கீமோவில் இருந்த ஒரு பெண்ணின் வீட்டுக்குப் போயிருந்தேன். கூடத்தில் ஏழெட்டுப் பேர். நோயாளியை மட்டும் காணோம். சமையலறையில், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, டிகாஷன் இறங்குவதற்காக மேடையைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். "வந்தவங்களுக்கு ஒரு வாய் காபிகூடக் கொடுக்காம எப்படிங்க அனுப்புறது?" என்றார்.

கூடத்தில் இருந்த யாரும் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. ஒருவர் நாலு மணி நேரம் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருந்தார். மருத்துவ சமூகப்பணியாளராக நான் வீட்டுக்கு வீடு பார்ப்பது இதைத்தான். அன்புக்குப் பஞ்சமில்லை, ஏற்பாட்டுக்குத்தான் பஞ்சம். யார் எதைச் செய்வது என்று பேசி முடிக்காத வீட்டில், எல்லா வேலையும் சுற்றிச் சுற்றி, வழக்கமாகச் செய்தவரிடமே வந்து நிற்கும்.

இந்தியப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் இன்று முதலிடம் மார்பகப் புற்றுநோய்க்கு. 2022-இல் மட்டும் நம் நாட்டில் ஏறத்தாழ 1,92,000 பேருக்கு இது புதிதாக வந்ததாக உலக அளவிலான மதிப்பீடு சொல்கிறது. உங்கள் தெருவிலோ அலுவலகத்திலோ ஒருவர் இருப்பார். அவருக்கும், அவரைச் சுற்றி இருப்பவர்களுக்கும்தான் இந்தக் கட்டுரை.

ஆதரவு என்றால் பக்கத்தில் உட்கார்ந்து ஆறுதல் சொல்வது என்று பலர் நினைக்கிறார்கள். அமெரிக்க நர்சுகளைப் பல ஆண்டுகளாகத் தொடர்ந்து கவனித்துவரும் ஓர் ஆய்வில், மார்பகப் புற்றுநோய் வந்த 2,835 பேரின் நிலையைத் தனியாக எடுத்துப் பார்த்து, 2006-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். உறவும் நட்பும் இல்லாமல் தனித்திருந்த பெண்கள் இந்த நோயால் இறக்கும் அபாயம், உறவுகள் நிறைந்திருந்தவர்களைவிட இரு மடங்காக இருந்தது. மனம்விட்டுப் பேச ஓர் ஆள் இருந்தாரா இல்லையா என்பதற்கும் இதற்கும் மட்டும் தொடர்பு தெரியவில்லை. உறவினர்களும் தோழிகளும் வளர்ந்த பிள்ளைகளும் கூட இருந்து கவனித்துக்கொண்டதே வித்தியாசத்துக்குக் காரணமாக இருக்கும் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது, மாத்திரை வேளையை நினைவுபடுத்துவது, கஞ்சி காய்ச்சிக் கொடுப்பது போன்ற கை வேலைகள் என்று நான் அதைப் புரிந்துகொள்கிறேன்.

'மனசைத் தைரியமா வச்சுக்கோ, பாதி நோய் போயிடும்' என்று சொல்பவர்களுக்கும் ஒரு செய்தி. நோய் பரவிய நிலையில் இருந்த 86 பெண்களை வைத்து அமெரிக்க மனநல மருத்துவர் டேவிட் ஸ்பீகல் 1989-இல் வெளியிட்ட ஆய்வில், வாரந்தோறும் குழுவாகக் கூடிப் பேசியவர்கள் மற்றவர்களைவிட ஏறக்குறைய இரு மடங்கு காலம் வாழ்ந்தார்கள். உலகமே கொண்டாடியது. 2001-இல் கனடாவில் 235 பெண்களை வைத்து அதையே பெரிய அளவில் செய்து பார்த்தபோது ஆயுள் கூடவில்லை. ஆனால் வலியும் மனவேதனையும் குறைந்தன, அதிலும் தொடக்கத்திலேயே மிகவும் நொந்துபோயிருந்தவர்களுக்கு நன்றாகவே குறைந்தன. என்னைக் கேட்டால் அதுவே பெரிய லாபம். தைரியமாக இருந்தால் குணமாகிவிடும் என்று மட்டும் யாரிடமும் சொல்லாதீர்கள். நாளைக்கு நோய் திரும்பினால், தன் மனசுதான் போதவில்லை என்று அந்தப் பெண் தன்னையே நொந்துகொள்வார். அழ வேண்டும் போலிருந்தால் அழட்டும்.

முதல் சிக்கல், யாரிடம் சொல்வது என்பதில் தொடங்கும். "பொண்ணுக்கு வரன் பாத்துக்கிட்டிருக்கோம், வெளியில தெரிஞ்சா யார் எடுப்பா?" என்ற பேச்சைக் கேட்காத மாதம் கிடையாது. முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் அடையாறில் புற்றுநோய் மருத்துவமனை தொடங்கியது 1954-இல். எழுபது ஆண்டு கழித்தும் பக்கத்து வீட்டுக்குத் தெரியாமல் கீமோவுக்குப் போய்வருகிறார்கள். இந்த நோய் ஒட்டுவாரொட்டி இல்லை. தட்டு, டம்ளர், துண்டு எதையும் நோய்க்குப் பயந்து தனியாக வைக்க வேண்டியதில்லை. மார்பகப் புற்றுநோய் வருபவர்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்குத்தான் பரம்பரை மரபணு மாற்றம் காரணம். குடும்பத்தில் பலருக்கு இருந்தாலோ, சின்ன வயதிலேயே வந்திருந்தாலோ மரபணுப் பரிசோதனை தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். கல்யாணத் தரகரிடம் கேட்க வேண்டிய விஷயம் இல்லை இது.

ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அது நோயாளியின் உரிமை. ஆனால் நாலைந்து பேருக்காவது முழு உண்மை தெரிந்திருக்க வேண்டும். யாருக்கும் தெரியாமல் வைத்துக்கொண்டால் உதவி கேட்கும் வாசலையும் சேர்த்து அடைத்துவிடுகிறீர்கள். பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள். அம்மாவுக்கு மார்பில் ஒரு கட்டி, அதற்குப் பெயர் புற்றுநோய், மருந்தால் முடி கொட்டும், பிறகு முளைக்கும், உன்னால் வந்தது இல்லை, தொட்டால் ஒட்டாது. எட்டு வயதுக் குழந்தைக்கு இவ்வளவு போதும். சொல்லாமல் விட்டால், அம்மாவிடம் அன்றைக்குச் சண்டை போட்டதால்தான் இப்படி ஆனது என்று அது தானாகவே ஒரு கதை கட்டிக்கொள்ளும்.

அடுத்தது அந்த ஏற்பாடு. மளிகைக் கடையில் கொடுக்கும் மாதக் காலண்டர் ஒன்று போதும். கீமோ தேதிகளைச் சிவப்பில் வட்டமிடுங்கள். பெரும்பாலும் இருபத்தொரு நாளுக்கு ஒருமுறை வரும். அதற்கு முந்தின நாளோ அதற்கு முன்போ ரத்தப் பரிசோதனை இருக்கும். அணுக்கள் குறைவாக இருந்தால் தேதி தள்ளிப்போகும் என்பதை உதவிக்கு வருபவர்களுக்கும் சொல்லிவையுங்கள். பிறகு ஒவ்வொரு கட்டத்திலும் பெயர் எழுதுங்கள். யார் கூடப் போவது, யார் ஃபைலைத் தூக்குவது, அன்றைக்குப் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து யார் அழைத்துவருவது. 'யாராவது பாத்துப்பாங்க' என்று எழுதாமல் விட்ட கட்டம் நோயாளியின் தலையில்தான் விழும்.

கூடப் போகும் ஆளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். வரிசையில் டோக்கன் வாங்கித் தருவதோடு அவர் வேலை முடிந்துவிடாது. அறைக்குள் டாக்டர் சொல்வதில் பாதி, பயத்தில் இருக்கும் நோயாளியின் காதில் விழாது. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, கேட்க வேண்டிய கேள்விகளை வீட்டிலேயே எழுதிக்கொண்டு போங்கள். வாந்திக்கு என்ன மாத்திரை, எந்த எண்ணுக்கு இரவில் கூப்பிடுவது, அடுத்த ஸ்கேன் எப்போது என்று பதிலையும் அதிலேயே எழுதுங்கள். கூடப் போகிறவர் நோயாளிக்குப் பதிலாகப் பேசக் கூடாது. "அவங்களுக்குச் சொல்லாதீங்க டாக்டர், எங்ககிட்ட மட்டும் சொல்லுங்க" என்று பின்வாசலில் கெஞ்சும் அண்ணன் தம்பிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். நோய் யாருடையதோ அவருக்குத் தெரியாமல் வைத்துவிட்டு, அவரிடமே ஒத்துழைப்பை எதிர்பார்ப்பது நடக்காத காரியம்.

சமையலுக்கு வருவோம். கீமோ போட்ட முதல் சில நாட்கள் தாளிக்கும் வாசனையே பலருக்குக் குமட்டும். ஆகவே அந்த வீட்டில் அடுப்பெரியாமல் இருப்பதே நல்லது. மேல்வீட்டு அக்காவோ ஓரகத்தியோ மூன்று நாளைக்கு இட்லி, ரசம் சாதம் என்று சமைத்துக் கொண்டுவந்து கொடுத்தால், அது பழக்கூடையைவிடப் பல மடங்கு பெரிய உதவி. சூடாக, அன்றே சமைத்ததாக இருக்கட்டும். முள்சீத்தா இலைக் கஷாயம், வாட்ஸ்அப்பில் வந்த பொடி இவற்றை மட்டும் கொண்டுபோகாதீர்கள். கீமோ மருந்தோடு சேர்ந்து எது ஈரலைப் பதம் பார்க்கும் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. டாக்டருக்குத் தெரியாமல் எதையும் கொடுக்க வேண்டாம்.

காலண்டரின் மேலே பெரிய எழுத்தில் ஒன்றை எழுதி வையுங்கள்: காய்ச்சல் 100.4 டிகிரி. கீமோ காலத்தில் தெர்மாமீட்டர் அந்த எண்ணைத் தொட்டால், இரவு இரண்டு மணியானாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மாத்திரை போட்டுவிட்டு விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும் நேரத்தில் கிருமி தொற்றினால் சில மணி நேரத்திலேயே நிலைமை கைமீறிவிடும். நள்ளிரவில் ஆட்டோ எடுத்துக்கொண்டு வரக்கூடியவர் யார் என்பதையும் முன்கூட்டியே எழுதி வையுங்கள்.

பணம். தமிழக முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். அறுவை, கீமோ, கதிர்வீச்சு மூன்றும் இதில் வரும். முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டிய திட்டம் என்பதால், கையிலிருந்து கட்டிவிட்டு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். குடும்பத்தில் அலையத் தெம்புள்ள ஒருவரிடம் இந்தக் காகித வேலையை முழுவதுமாக ஒப்படையுங்கள். திருப்பூர் பனியன் கம்பெனி, ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலை போன்ற இடங்களில் ஈஎஸ்ஐ பிடித்தம் உள்ள பெண் என்றால், புற்றுநோய்க்கு நீட்டிக்கப்பட்ட நோய்க்கால உதவி உண்டு. நிபந்தனைகளுக்கு உட்பட்டு, சம்பளத்தில் 80 விழுக்காடு வரை இரண்டு ஆண்டுக்குக் கிடைக்கும். இது தெரியாமல் வேலையை எழுதிக்கொடுத்துவிட்டு வந்தவர்கள் இருக்கிறார்கள். வெளியூரிலிருந்து ரயிலில் வருபவர்களுக்கு, ஆஸ்பத்திரியில் படிவம் வாங்கிக் காட்டினால், ஸ்லீப்பர் வகுப்பிலும் மூன்றடுக்கு ஏசியிலும் நோயாளிக்குக் கட்டணம் இல்லை; துணைக்கு வருபவருக்கும் சலுகை உண்டு. கதிர்வீச்சு என்றால் வாரத்தில் ஐந்து நாள், மூன்று முதல் ஐந்து வாரம் வரை போக வேண்டியிருக்கும். அதற்குப் பக்கத்தில் தங்க இடம் தேடும் வேலையையும் யாராவது ஒருவர் இப்போதே எடுத்துக்கொள்ளுங்கள். சமூகப்பணியாளர் அறை என்று ஆஸ்பத்திரியில் ஒரு பலகை இருந்தால் கூச்சப்படாமல் கதவைத் தட்டுங்கள். எங்களுக்குச் சம்பளமே அதற்குத்தான்.

அறுவைக்குப் பிறகு, அந்தப் பக்கத்துக் கை ஒரு தனிக் கதை. அக்குளிலிருந்து நிணநீர் முடிச்சுகளை எடுத்தவர்களில் சிலருக்குக் கை வீங்கும். மாதங்கள் கழித்தும் வரலாம், வருஷங்கள் கழித்தும் வரலாம். வளையல் திடீரென்று இறுகினாலோ, ஜாக்கெட் கை பிடித்தாலோ, அதுதான் முதல் அறிகுறி. அப்போதே பிசியோதெரபிஸ்டிடம் போனால் கட்டுப்படுத்துவது எளிது. கை சிவந்து சூடாகிக் காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். கையை அசைக்காமல் மடியில் வைத்துக்கொண்டே இருந்தால் தோள் இறுகிவிடும். சுவரில் விரல்களைப் படிப்படியாக மேலே ஏற்றும் பயிற்சியைத் தினமும் செய்ய வேண்டும். தண்ணீர்க் குடம், இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டை போன்றவற்றைத் தூக்கும் ஆள் வேறாக இருக்கட்டும். எண்ணெய் தெறிப்பது, கத்தி கீறுவது போன்ற சின்னக் காயங்கள்கூட அந்தக் கையில் சீழ் பிடிக்க வழி செய்யும். கணவர் வடை பொரிக்கக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது.

கணவர்களைப் பற்றிப் பத்திரிகைகளில் யாரும் வெளிப்படையாக எழுதுவதில்லை. மார்பை எடுத்த பிறகு, கண்ணாடி முன்னால் நிற்கவே பலர் பயப்படுகிறார்கள். கணவர், தொட்டால் வலிக்குமோ என்று தனியாகப் பாயைப் போட்டுப் படுத்துக்கொள்கிறார். மனைவி அதை அருவருப்பு என்று எடுத்துக்கொள்கிறாள். இருவரும் மாதக்கணக்கில் வாய் திறப்பதில்லை. "எனக்குப் பயமா இருக்கு, வலிக்குமோன்னுதான் தள்ளிப் படுக்கிறேன்" என்ற ஒரு வாக்கியம் போதும், பாதிப் பிரச்சினை தீர. தாம்பத்தியத்தால் புற்றுநோய் ஒட்டாது, திரும்பியும் வராது. கீமோ காலத்தில் ஆணுறை அணிவது நல்லது. அந்தச் சமயத்திலும், டாமோக்சிஃபென் மாத்திரை சாப்பிடும்போதும் கர்ப்பம் தரிக்கக் கூடாது. மருந்துகளால் வறட்சியும் எரிச்சலும் வருவது சகஜம், அதற்கு மருத்துவரிடம் வழி இருக்கிறது. பெண் டாக்டரிடமோ நர்சிடமோ கேளுங்கள்.

உடை விஷயத்திலும் வழி இருக்கிறது. ஜாக்கெட்டின் உள்பக்கம் ஒரு சின்னப் பை வைத்துத் தைக்கச் சொன்னால், பஞ்சு அடைத்த துணியையோ சிலிக்கான் செயற்கை மார்பையோ அதில் நழுவாமல் வைக்கலாம். ஒரு பக்கம் கனமில்லாமல் நடந்தால் சிலருக்குத் தோளும் முதுகும் வலிக்கும் என்பதால் இதை வெறும் அழகு விஷயமாகத் தள்ளிவிட வேண்டாம். வேண்டாம் என்று அப்படியே நடமாடும் பெண்களும் உண்டு. அதுவும் அவரவர் விருப்பம்.

கூட்டுக் குடும்பம், கணவர், பிள்ளை என்று யாருமே இல்லாத பெண்களும் இருக்கிறார்கள். கணவர் விட்டுப்போனவர்கள், தனியே வாழும் கைம்பெண்கள், நான்கு வீட்டில் பாத்திரம் தேய்த்துப் பிழைப்பவர்கள். அவர்களுக்கு மகளிர் சுயஉதவிக் குழுவில் உள்ள பத்துப் பதினைந்து பேரே குடும்பமாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். வாரக் கூட்டத்தில் தவணை வசூலோடு சேர்த்து, 'இந்த வாரம் இவங்களோட ஆஸ்பத்திரிக்கு யாரு?' என்றும் ஒரு வரி எழுதிக்கொண்டால் போதும். அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், படுக்கையோடு இருப்பவர்களுக்கு வலி நிவாரணப் பராமரிப்பும் பிசியோதெரபியும் வீட்டுக்கே வரும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துவையுங்கள்.

ஏற்கெனவே இந்த நோயைக் கடந்து வந்த ஒருவரோடு பேசுவதற்கு ஈடு கிடையாது. நியூயார்க்கில் டெரீஸ் லாசர் என்ற பெண் தனக்கு மார்பு அகற்றப்பட்ட பிறகு, 1952-இல், மற்ற நோயாளிகளை வார்டிலேயே போய்ப் பார்க்கத் தொடங்கினார். அந்த வழக்கம் இன்று பல நாடுகளில் இருக்கிறது. உங்கள் ஆஸ்பத்திரியில் அப்படி ஒரு குழு உண்டா என்று கேளுங்கள். வயதும் நோயின் கட்டமும் ஓரளவு பொருந்துகிற ஆளாக இருந்தால் நல்லது. முப்பத்திரண்டு வயதுப் பெண்ணுக்குக் குழந்தை பெற முடியுமா என்ற கவலை இருக்கும், அறுபது வயது அம்மாவுக்கு அது புரியாது. ஒரே ஓர் எச்சரிக்கை. அவருக்குக் கொடுத்த மருந்து உங்களுக்கு ஏன் கொடுக்கவில்லை என்று ஒப்பிடாதீர்கள். ஒரே பெயரில் வழங்கினாலும் இந்த நோயில் வகைகள் பல.

கடைசி ஊசி போட்டு, கதிர்வீச்சும் முடிந்து, இனிப்பு கொடுத்துவிட்டு வீடு திரும்பிய பிறகு என்ன நடக்கிறது? காலண்டர் சுவரிலிருந்து இறங்கிவிடும். ஃபோன் நின்றுவிடும். "இப்பத்தான் நல்லாயிட்டியே அண்ணி" என்று எல்லோரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். நான் பார்த்தவரை பல பெண்கள் உடைந்துபோவது அப்போதுதான். சிகிச்சை நடக்கும்போது ஓடிக்கொண்டே இருந்ததால் யோசிக்க நேரமில்லை. இப்போது உட்கார்ந்து யோசிக்கிறார். இன்னும் ஐந்து, பத்து ஆண்டு தினமும் ஹார்மோன் மாத்திரை இருக்கலாம். லெட்ரோசோல் சாப்பிடுபவர்களில் பலருக்குக் காலையில் விரல் மூட்டும் முழங்காலும் பிடித்துக்கொள்ளும். டாமோக்சிஃபெனால் நடு ராத்திரியில் உடம்பு குப்பென்று வேர்த்து எழுந்து உட்கார வேண்டியிருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. அதனாலேயே சோம்பேறித்தனம் என்ற பெயரும் கிடைக்கும். மாத்திரையைத் தானாக நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. நிறுத்துவதற்கு முன்னால் டாக்டரிடம் சொன்னால் வேறு மருந்துக்கு மாற்றலாம், வலிக்கும் வழி செய்யலாம்.

ஆகவே சிகிச்சை முடிந்தபின்னும் குறைந்தது ஓர் ஆண்டுக்குச் சிறிய அளவிலாவது அந்தக் காலண்டர் ஏற்பாட்டைத் தொடருங்கள். வாரம் ஒரு ஃபோன், மாலையில் அரை மணி நேரம் சேர்ந்து நடப்பது. நலம் விசாரிக்கும்போது 'எப்படி இருக்கே?' என்று கேட்டால் 'நல்லாருக்கேன்' என்றுதான் பதில் வரும். பதிலாக, மனக்கஷ்டத்துக்குப் பூஜ்யத்திலிருந்து பத்து வரை மதிப்பெண் போடச் சொல்லுங்கள். புற்றுநோய் மருத்துவமனைகளில் பயன்படுத்தும் முறைதான் இது. நான்கோ அதற்கு மேலோ சொன்னால் ஆலோசகரைப் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை, இருந்து என்ன பயன் என்ற பேச்சு வருகிறது என்றால் தாமதிக்காதீர்கள். மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416-இல் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம். பார்த்துக்கொள்ளும் மகளுக்கோ கணவருக்கோ அது தேவைப்பட்டாலும் அதே எண்தான்.

மறுபரிசோதனைத் தேதி நெருங்க நெருங்கச் சிடுசிடுப்பு, வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை எல்லாம் வரும். 'ஒண்ணும் இருக்காது' என்று அடித்துப் பேசாமல், கூட வரட்டுமா என்று கேளுங்கள். சிலர் தனியாகப் போகவே விரும்புவார்கள். அப்படியானால் பஸ் ஏற்றிவிடுங்கள், அன்றைய சமையலை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், ரிப்போர்ட் என்னவென்று அவர் சொல்கிறவரை நீங்களாக ஃபோன் செய்யாதீர்கள்.